குவாதலூபே: ஒரு பெயருள் உறையும் அரபுச் சொல்

மெக்சிகோவில் ஆண், பெண் இருபாலாருக்கும் சூட்டப்பெறும் பெயர் குவாதலூபே. பள்ளத்தாக்கையும் ஆற்றையும் குறிக்கும் 'வாதி' எனும் அரபுச் சொல்லே ஸ்பானிய மொழியில் 'குவாத்' எனத் திரிந்தது. 'வாதில் கபீர்' என்னும் பேராறு குவாதல்கிவிர் ஆனதும் இவ்வாறே. இப்பெயரின் பிற்பகுதி ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல் என்பர் பலர்.

எஸ்த்ரமதூராவில் ஓர் ஆற்றுக்கும், அங்கெழுந்த மர்யம் (அலை) பெயரிலான ஆலயத்துக்கும் வழங்கிய இப்பெயரை 1493இல் கொலம்பஸ் கரீபியத் தீவொன்றுக்கு இட்டார். 16ஆம் நூற்றாண்டில் அது மெக்சிகோவை அடைந்தது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் (1824–1829) விடுதலைப் போரின்போது தம் இயற்பெயரை நீக்கிக் குவாதலூபே விக்தோரியா ஆனார்.

1567இல் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனாடா முஸ்லிம் வழித்தோன்றல்களின் அரபு மொழியையும் அரபுப் பெயர்களையும் தடைசெய்தது. 1609 முதல் 1614 வரை ஸ்பெயினெங்கும் மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டனர். எனினும், விலக்கப்பட்ட அம்மொழியின் சொல்லைத் தாங்கிய பெயரையே ஸ்பானியர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர்.