மலையகத்தில் ஆங்கிலம் – 11: இந்நேரம் வந்திருக்கணும்

தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னதுரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க, 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் அச்சானது. பெயர்: 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் எழுதிய 'கூலித் தமிழ்' அதே வழியில் வந்தது. பிரட்டுக்களத்தில் நின்று ஏவத் தெரிந்தால் போதும் என்ற தமிழ் அது. புத்திமதி சொல்ல அதில் யாருக்கும் வேலை இல்லை.

ஆங்கிலமும் எங்களிடம் அந்த வாசலால்தான் வந்தது. அதனாலோ என்னவோ, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் 'ணும்' என்று முடிகிற எதையும் 'மஸ்ட்' ஆக்கிவிடுகிறார்கள். "இருமல் விடவில்லையே, நீ டொக்டரிடம் காட்டணும்" என்று தோழியிடம் சொல்வது அக்கறை. அதற்கு 'ஷுட்' போதும். 'மஸ்ட்' அதைவிட அழுத்தம், சில வேளை உத்தரவு. 'ஆட் டு' ஏறக்குறைய 'ஷுட்' மாதிரித்தான், கடமையின் வாடை சற்றுக் கூடுதல்.

பெரிய பொறி 'ஹேட் பெட்டர்'. "சேர், நாளைக்கு வந்தா நல்லது" என்பதை "சேர், யூ ஹேட் பெட்டர் கம் டுமோரோ" என்று எழுதினால், 'வராவிட்டால் வம்பு' என்று ஆசிரியருக்குக் கேட்கும். 'பெட்டர்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள், அது எச்சரிக்கை. பெரியவர்களிடம் 'குட் யூ கம் டுமோரோ, சேர்?' என்று கேளுங்கள்.

இனி தமிழின் சிக்கனத்தைப் பாருங்கள். "உடரட்ட மெனிக்கே இந்நேரம் வந்திருக்கணும்." ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னால், வர வேண்டிய நேரமாகியும் காணோம் என்று பொருள்: 'ஷுட் ஹேவ் கம்'. வீட்டிலிருந்தபடி தூரத்தில் கூவல் கேட்டுச் சொன்னால், வந்துவிட்டது என்ற ஊகம்: 'மஸ்ட் ஹேவ் கம்'. "இந்த மலைக்கு உரம் போன மாசமே போட்டிருக்கணும்" என்கிற கங்காணியின் ஆதங்கத்துக்கும் 'ஷுட் ஹேவ்'தான். தமிழில் குரலும் இடமும் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் சொல்லை மாற்றிக் காட்டுகிறது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எழுதுமுன் நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று பாருங்கள்.

கடைசியாக 'சப்போஸ்ட் டு'. "ஏழு பேர்ச்சஸ் காணி எங்களுக்குக் கிடைக்க வேண்டியது." இதை 'வீ ஆர் சப்போஸ்ட் டு கெட்' என்று எழுதினால், தருவதாக எவரோ சொன்னார், பேச்சு அப்படி, என்ற அளவில் நிற்கும். 'வீ ஷுட் கெட்' என்றால் பேசுகிறவரின் சொந்தக் குரல்: இது நியாயம், நாங்கள் சொல்கிறோம். இலக்கணத்தில் இரண்டும் சரி. லயத்துப் பிள்ளை ஒருவர் பிரதேச செயலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தால், நான் 'ஷுட்' என்றே எழுதச் சொல்வேன்.