எழுவர் கூடிய சபை

சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப்போன மனிதனின் உதிரத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, கழிவுகளை நீக்கி மீண்டும் உள்ளே செலுத்தும் யந்திரத்தை ஹாலந்து தேசத்து வைத்தியர் வில்லெம் கோல்ஃப் 1943-ஆம் ஆண்டிலேயே சிருஷ்டித்துவிட்டார் எனினும், ஒவ்வொரு தடவையும் தமனியையும் சிரையையும் புதிதாக அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையால், சில தடவைகளுக்குப் பின் அறுப்பதற்கு இரத்தக்குழாய் மிஞ்சாமற்போக, நாட்பட்ட நோயாளிகளுக்கு அது உதவாமலே இருந்தது. 1960-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர், முன்கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயொன்றினால் இணைத்து, அதனை அங்கேயே நிலைத்திருக்கச் செய்து, இத்தடையை விலக்கினார்.

தர்மசங்கடம் அதன் பின்னரே பிறந்தது. 1962-இல் இச்சிகிச்சைக்கென அந்நகரில் திறக்கப்பட்ட நிலையத்தில் படுக்கைகள் மிகச் சில. பிழைக்க விரும்பியவர்களோ பலர். நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரையும் குழந்தைகளையும் வைத்தியர்கள் முதலிலேயே விலக்கிவிட்டு, எஞ்சியோருள் எவரை ஏற்பது என்னும் பாரத்தை, வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசாங்க உத்தியோகஸ்தர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை வைத்தியர் ஆகிய எழுவர் அடங்கிய சபையிடம் ஒப்படைத்தனர். நிருபர் ஷானா அலெக்சாண்டர் அவ்வாண்டிலேயே 'லைஃப்' பத்திரிகையில் எழுதிய பிறகே இச்சபையின் காரியத்தைத் தேசம் அறிந்தது.

அவர்கள் ஆராய்ந்தவை யாவை? விவாகம், பிள்ளைகளின் தொகை, கல்வி, உத்தியோகம், ஆஸ்தி, தேவாலயத்துக்குச் செல்லும் வழக்கம்! சிக்கனமாய் வாழ்ந்து குடும்பத்துக்குப் பொருள் சேர்த்து வைத்தவன் இறந்தாலும் அவன் மக்கள் பிறர் கையை எதிர்பாரார் என்ற நியாயத்தினால், அச்சிக்கனமே அவனுக்குப் பாதகமாகும் விபரீதமும் அங்கே தலைகாட்டியது. எழுவரும் கொடியவரல்லர், தம் மனச்சாட்சியை வருத்திக்கொண்டே தீர்ப்பளித்தனர். ஆயினும் எவ்வுயிர் மேலானது என்று அளக்கப் புகுந்தவர்களின் கையில், தம்மைப் போன்ற மத்தியதர கிருகஸ்தனின் வாழ்வைத் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலும் இதனினும் நேர்மையாயிருந்திருக்கும் என்பது என் கருத்து.

இச்சிக்கலை அறநூல் எதுவும் தீர்க்கவில்லை. 1972-இல் அமெரிக்கக் காங்கிரஸ், சிறுநீரகங்கள் செயலற்றுப்போன நோயாளிகளுள் ஏறக்குறைய எல்லோருடைய சிகிச்சைச் செலவையும் அரசாங்கக் கஜானாவின் பொறுப்பாக்கியதுதான் தீர்த்தது. பொருள் வந்ததும் சபைக்கு வேலையில்லாமற் போயிற்று. பிரிட்டனிலோ அக்காலத்தில் இத்தகைய சபை கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் அவசியம் நேரவில்லை. ஏனெனில், வயது முதிர்ந்த நோயாளிகள் பலரை உள்ளூர் வைத்தியர்கள் யந்திரம் இருந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பாமலே விட்டுவிட்டனர். தாம் விலக்கப்பட்டோம் என்பதையே அறியாமல் அவர்கள் இறந்தனர்.