மனம் விட்டுப் பேச ஒரு ஆள் வேணும்



காய்ச்சல் வந்தால் மருந்துக்கு வருகிறோம். பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் தையல் போட வருகிறோம். மனம் நொந்து போனால் மட்டும் யாரிடமும் போவதில்லை. “தம்போய்க்கு அனுப்பிடுவாங்க” என்ற பயம். பைத்தியம் என்று லயத்தில் பேர் வந்துவிடுமே என்ற வெட்கம். இந்த இரண்டும் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கின்றன.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில் உழைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிமாரும் அங்கே கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில், தேக்கா மார்க்கெட் பக்கம் பார்த்தால் திருவிழாக் கூட்டம் போல இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. அடிபட்டு, சம்பளம் நின்று, வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லாமல் காத்திருப்பவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு டி.டபிள்யூ.சி.2 என்ற அமைப்பு லிட்டில் இந்தியாவில், கஃப் ரோட்டில், 2008-இல் இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியது.

2020 ஏப்ரலில் கோவிட் நோய் விடுதிகளில் பரவியது. பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் என்ற இரண்டு விடுதிகளை முதலில் அடைத்தார்கள். பிறகு மற்ற விடுதிகளும் அடைபட்டன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே நடமாட முடியாமல் கிடந்தார்கள். நோயைவிட யோசனைதான் அவர்களை அரித்தது. அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சும், மனநலக் கழகமும், ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து, வெளிநாட்டுத் தொழிலாளர் மனநலத்துக்கென்று ‘டான்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஹெல்த்சர்வ் 2006-லிருந்து இந்தத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்து வரும் அமைப்பு.

மனநல ஆலோசகர் என்பவர் யார்? அவர் மாத்திரை கொடுப்பவர் அல்ல, ஊசி போடுபவரும் அல்ல. உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் கேட்பார். எந்தக் கவலை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று நம்மோடு சேர்ந்து அவிழ்ப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சொன்னதை வெளியே விடமாட்டார். மருந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்.

அவருக்கு நம் பாஷை தெரிய வேண்டும் என்பது முக்கியம். நம் ஆள் “மனச்சோர்வு” என்று சொல்லமாட்டார். “நெஞ்சு படபடங்குது, தலை கிறுகிறுங்குது, சோறு இறங்கல” என்றுதான் சொல்வார். நெஞ்சுவலி என்றால் முதலில் இருதயத்தைத்தான் சோதிக்க வேண்டும். அதில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு, “வீட்டுல என்ன பிரச்சினை தம்பி?” என்று தமிழில் கேட்டால், அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும்.

இது நமக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. அமெரிக்காவில், வெள்ளையர் கையில் இருந்த மனநலத் துறை தங்கள் மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவில்லை என்று, 1968-இல் கறுப்பின மனநல வல்லுநர்கள் சான் பிரான்சிஸ்கோவில் தனிச் சங்கம் அமைத்தார்கள். அவமானத்தையும் ஏழ்மையையும் அறிந்தவரிடம்தான் மனம் திறக்கும் என்பது அங்கேயும் தெரிந்த உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமை முதலாளி கையில் இருக்கிறது. “மனசு சரியில்லன்னு சொன்னா ஊருக்கு அனுப்பிடுவான்” என்று தொழிலாளி வாயை மூடிக்கொள்வது அதனால்தான். ஆகவே ஆலோசகர் கம்பெனிக்குக் கட்டுப்படாத ஆளாக இருப்பது அவசியம். சம்பளம் பாக்கி நிற்கும்போது ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. பாக்கியை வாங்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். சங்கத்தின் வேலையும் ஆலோசகரின் வேலையும் கைகோத்துப் போக வேண்டியவை.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, திடீரென்று குடி கூடுவது, வீட்டுக்குப் போன் பண்ணாமல் இருப்பது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு. இப்படிப் பேசினால் திட்டாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பாரம் குறையத்தான் செய்யும். ஆளைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி மருந்தைப் பூட்டி வையுங்கள்.

போலீஸ் பிடிக்கும் என்ற பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. மலேசியாவிலும் 2023-இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஹெல்த்சர்வ் தொலைபேசி 3129 5000. மலேசியாவிலிருந்து கூப்பிட்டால் முன்னால் 0065 சேர்க்க வேண்டும். இங்கே பிஃரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் உண்டு. எண்களை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை அவன் போன் பண்ணும்போது “பணம் எப்போ அனுப்புவே?” என்று கேட்பதற்கு முன்னால், “நல்லா தூங்குறியா அப்பா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.