பாதியில் நிற்கக்கூடாத சிகிச்சை

கல்முனைப் பகுதியில் மார்பகப் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. 'அந்த வருத்தம்' என்பார்கள். அதற்குரிய கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கறண்ட் பிடிக்கிறது' என்பார்கள். நோயின் பெயரை மறைப்பது ஒருபுறமிருக்க, சிகிச்சைக்கு வைத்த பெயரே ஒரு பயத்தைக் கொண்டுவருகிறது. கறண்ட் என்றால் அடிக்கும், எரிக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். சத்திரசிகிச்சையைத் தாங்கி, தலைமயிர் கொட்டவைத்த ஊசிமருந்தையும் தாங்கிய ஒரு பெண், கடைசிப் படியில் இந்தப் பெயரைக் கேட்டுப் பின்வாங்குவதை மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எமது பணியாளர்கள் காண்கிறார்கள். இன்னும் சிலர் தொடங்குகிறார்கள், ஆனால் முடிப்பதில்லை. ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால் கதிர் சுட்டது என்று சொல்பவர்கள் சிலரே. பஸ் காசு, துணைக்கு ஆள் இல்லாமை, சின்னப் பிள்ளைகள், சொந்தக்காரரின் பேச்சு, பாஷை தெரியாத பயம் என்பவையே பெரும்பாலும் வெளிவருகின்றன. இவை வைத்தியர் ஒருவரால் தீர்க்கக்கூடியவை அல்ல. வீட்டாரும் அயலவரும் மாதர் சங்கமும் செய்யவேண்டிய வேலை இதில் நிறைய இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரை.

முதலில் இந்தக் கதிர் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். லீனியர் அக்ஸிலரேட்டர் என்னும் இயந்திரம் மின்சாரத்தைக் கொண்டு மிகவும் வலுவான எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. அந்த அளவில் 'கறண்ட்' என்ற பெயர் முழுப் பொய்யல்ல. ஆனால் உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. நெஞ்சுப் படம் எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரிவதில்லையோ, அப்படியே இதிலும் அந்த நேரத்தில் நோவு இராது. கத்தி எடுத்த பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் மார்பிலோ நெஞ்சுச் சுவரிலோ கக்கத்திலோ தங்கியிருக்கக்கூடிய நோய்க் கலங்களின் உட்கருவிலுள்ள மரபுப்பொருளைக் கதிர் உடைக்கிறது. நல்ல கலங்களும் அடிபடும், ஆனால் அவை தம்மைத் திருத்திக்கொள்ளும் வல்லமை கூடியவை. ஒரு நாள் கொடுத்து, அவை திருந்த ஓர் இரவு விட்டு, அடுத்த நாள் மீண்டும் கொடுப்பது அதனாலேயே. நடுவில் ஒரு வாரம் இடைவெளி விழுந்தால் மிஞ்சியிருக்கும் நோய்க் கலங்களும் பெருகுவதற்கு அவகாசம் பெறுகின்றன. 'இந்தக் கிழமை முடியாது, அடுத்த கிழமை போகலாம்' என்ற எமது வழக்கமான பேச்சு இங்கே சரிவராது.

பலன் எவ்வளவு? மார்பு முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த முடிவுகள் 2011இல் வெளிவந்தன. கதிர்வீச்சுப் பெறாதவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 19 பேர். முழு மார்பையும் எடுத்தவர்களுக்கும், கக்கத்து நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால், வைத்தியர்கள் பெரும்பாலும் கதிர்வீச்சைச் சொல்கிறார்கள். 'வெட்டி எடுத்தாச்சே, இன்னும் என்ன?' என்று கேட்கும் கணவன்மாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

அடுத்தது தூரம். நீண்ட காலமாக எமது கரையோரப் பெண்களுக்குக் கதிர்வீச்சு என்றால் மஹரகமதான். இன்று அபேக்ஷா என்று அழைக்கப்படும் அந்த வைத்தியசாலைக்குக் கல்முனையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் கொழும்பு. யுத்த காலத்தில் அந்தப் பிரயாணத்தில் எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டியிருந்தது என்பதை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பின்னர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை வந்தது. அது கல்முனையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். காலையில் போய் பின்னேரம் வீட்டுக்கு வரக்கூடிய தூரம். ஆயினும் எல்லோருக்கும் அங்கேயே கிடைத்துவிடுவதில்லை. இயந்திரம் எங்கும் பழுதாகும், காத்திருப்போர் பட்டியல் எங்கும் நீளும், சில நோயாளிகளை வைத்தியர்களே மஹரகமவுக்கு அனுப்புவார்கள்.

எத்தனை நாள் என்பதிலும் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் 50 கிரே அளவை 25 நாட்களுக்குப் பிரித்து ஐந்து வாரம் கொடுப்பதே வழக்கம். பிரித்தானியாவில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வுகள், 40 கிரேயை 15 நாட்களில் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று காட்டின. 2020இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு 26 கிரேயை ஐந்தே நாளில் கொடுக்கலாம் என்று சொன்னது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இது வசதி. பெரும்போக அறுவடைக்கு முன்னர் கையில் காசில்லாத நிந்தவூர் வீட்டுக்கோ, இருபத்தைந்து பஸ் பயணத்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் சிகிச்சை முடிவதா நிற்பதா என்பதையே தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் குறுகிய முறை பொருந்தாது. அது வைத்தியர் முடிவு. ஆனால் 'எனக்கு எத்தனை நாள், டொக்டர்?' என்று முதல் நாளே கேட்பதில் தவறில்லை. கேட்டால்தான் வீட்டில் ஒழுங்கு செய்யலாம்.

சிகிச்சை தொடங்குமுன் ஒரு காரியம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மேசையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அப்படியே அசையாது வைத்திருக்க வேண்டும். கக்கத்தில் சத்திரசிகிச்சை செய்த பெண் நோவுக்குப் பயந்து கையை நெஞ்சோடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். கை உயராவிட்டால் திட்டமிடும் ஸ்கானும் எடுக்க முடியாது, திகதி பின்போகும். ஆகவே தாதியர் காட்டிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்ய வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறி, எட்டிய இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால், நாளைக்கு அதைத் தாண்டலாம். மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றிப் பழகிய கைகளுக்கு இது பெரிய காரியமல்ல என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கைகளைத்தான் வீட்டார் 'வேலை செய்யாதே, அசையாதே' என்று கட்டிப்போடுகிறார்கள்.

ஸ்கான் எடுத்த பின் தோலில் அடையாளம் இடுவார்கள். மையால் இடுவதுமுண்டு, ஊசியால் கடுகளவு புள்ளி குத்துவதுமுண்டு. மையென்றால் அழியாமல் காக்க வேண்டும். ஊசிப் புள்ளி என்றதும் எமது முஸ்லிம் சகோதரிகள் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. பச்சை குத்துவது அவர்களுக்கு விலக்கப்பட்டது. சிகிச்சைத் தேவைக்காக இடப்படும் புள்ளி அதில் சேருமா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. மௌலவியிடம் முன்கூட்டியே கேளுங்கள், மனம் ஒப்பாவிட்டால் மையடையாளம் போதுமா என்று வைத்தியசாலையில் கேளுங்கள் என்றே சொல்வேன். அன்றைக்கு மேசையில் படுத்துக்கொண்டு அழுவதைவிட அது மேல். அது போலவே ஆண் ஊழியர் முன் மார்பைத் திறக்க நேருமோ என்ற கூச்சம். பெண் ஊழியர் இருந்தால் கேட்கலாம், தேவையில்லாத நேரத்தில் துணியால் மூடித் தரும்படியும் கேட்கலாம். கதிர் பாயும் அந்தச் சில நிமிடங்களில் அறைக்குள் வேறு எவரும் இருக்கமாட்டார்கள். வெளியே இருந்து கமெராவில் பார்த்து ஒலிபெருக்கியில் பேசுவார்கள்.

அந்தப் பேச்சு சிங்களத்தில் வந்தால்? மஹரகமவுக்குப் போகும் பெண்கள் நாலு வார்த்தையாவது பழகிக்கொண்டு போவது நல்லது. 'அத்த உஸ்ஸன்ன' என்றால் கையை உயர்த்துங்கள். 'ஹெல்லென்ன எப்பா' என்றால் அசைய வேண்டாம். 'ஹுஸ்ம கன்ன' என்றால் மூச்சை இழுங்கள். நோகிறது என்று நாம் சொல்வதற்கு 'ரிதெனவா'. இடது மார்பில் நோய் உள்ள சிலருக்கு, இருதயம் கதிரிலிருந்து சற்று விலகும்படி, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சிகிச்சை செய்வார்கள். அவ்வேளையில் சொன்னது விளங்காமல் தடுமாறினால் எல்லாம் திரும்பத் தொடங்க வேண்டும். எமது இளைஞர் மன்றங்களில் சிங்களம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் போய் ராத்தாவுக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியும்.

தோல் விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கதிர் பட்ட இடம் சிவக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எமது நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுத்துக்கொண்டு வரும், அரிக்கும், வறளும். மார்பின் கீழ் மடிப்பிலும் கக்கத்திலும் தோல் உரிந்து ஈரமாவதுமுண்டு. சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரை இது கூடிவிட்டுப் பிறகே ஆறத் தொடங்கும். இதைக் கண்டு 'கருக்கிப்போட்டார்கள்' என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டியதில்லை, காட்ட வேண்டும். கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

தண்ணீர் படக்கூடாது என்பது பொய். குளிக்கலாம், குளிப்புக் கடமையையும் நிறைவேற்றலாம். மெல்லிய சவர்க்காரம் போதும், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, சித்தாலேப போன்ற தைலம், வெந்நீர் ஒத்தடம் என்பவை அந்த இடத்தில் வேண்டாம். அத்தரும் பவுடரும் கூட வேண்டாம். ஓதிய தண்ணீரைக் குடிப்பதை எந்த வைத்தியரும் மறுக்கப்போவதில்லை. ஓதிய எண்ணெயை அந்தத் தோலில் பூசுவதை மட்டும் ஆறும்வரை தள்ளிவைக்கலாம். கக்கத்து உரோமத்தை நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்ற மார்க்க ஒழுங்கு காரணமாகச் சிலர் சிகிச்சைக்கு நடுவில் பிளேட் வைத்து வெட்டுக்காயம் தேடிக்கொள்கிறார்கள். கதிர் படும் கக்கத்தில் உரோமம் பெரும்பாலும் தானாகவே உதிரும், தலைமயிரை இந்தக் கதிர் தொடாது. உடுப்பு தளர்வான பருத்தியாக இருக்கட்டும். கழுத்தெலும்புப் பக்கமும் கதிர் பிடிப்பவர்களுக்குப் பொலியெஸ்டர் பர்தாவின் உரசலும் ஊசியும் எமது கடற்கரை வெயிலில் பெரிய தொந்தரவு. உள்ளே ஒரு பழைய மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் சிகிச்சை விழுந்தால், நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது என்பதை மௌலவிமார் எடுத்துச் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். நாங்கள் சொல்லிக் கேட்கமாட்டார்கள், அதுவே முறையும்கூட.

'கறண்ட் பிடிச்சிட்டு வந்து பேரப்புள்ளயத் தூக்கலாமா பாதர்?' என்று ஓர் உம்மம்மா என்னிடம் கேட்டார். வீட்டிலே அவருக்குத் தனி அறை, தனிக் கோப்பை. வெளியிலிருந்து பாய்ச்சப்படும் இந்தக் கதிர் இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் தங்காது, இன்னொருவருக்குப் போகாது. பிள்ளையைத் தூக்கலாம், சமைக்கலாம், கணவனோடு ஒரே பாயில் படுக்கலாம். நோயும் தொற்றாது. பெண்பிள்ளைகளின் கலியாணம் கெட்டுவிடும் என்று குடும்பங்கள் இதை மறைக்கின்றன. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து மட்டுமே. மறைப்பதால் துணைக்குப் போகக்கூடிய ஆட்களையும் இழக்கிறார்கள்.

துணைக்கு ஆட்கள் இங்கே உண்மையில் இருக்கிறார்கள். எமது கரையோர முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்த பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. வீடு அவளுடையது, கணவனே வந்து குடியிருக்கிறான். உம்மாவும் சகோதரிகளும் வேலிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நாட்டின் பல பகுதிகளில் நோயாளிப் பெண்ணுக்கு இல்லாத பலம் இது. மாதர் சங்கம் செய்யவேண்டியது, அந்த வேலிக்குள் இருப்பவர்களை ஒரு மாலையில் இருத்தி, பதினைந்து நாளுக்கும் யார் கூடப் போவது, யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, யார் வீட்டில் சோறு என்று ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. பஸ் காசுக்கு ஸகாத் நிதியையோ பள்ளிவாசல் நிருவாகத்தையோ அணுகலாம். முதல் திகதிக்கு முன்பே அணுக வேண்டும்.

அந்தக் கடதாசியில் பதினைந்தாம் நாளோடு கோடு இழுத்துவிடாதீர்கள். களைப்பு சிகிச்சை நடக்கும்போது சேர்ந்துகொண்டே வந்து, முடிந்த பின்னரும் வாரக்கணக்கில் நிற்கும். கடைசி நாள் முடிந்து வந்ததும் 'சுகமாயிற்று' என்று சகோதரிகள் தங்கள் வேலைக்குத் திரும்ப, தோல் மிக மோசமாக இருக்கும் அந்தப் பத்து நாளில் அவள் தனியே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பாள். இன்னும் ஒரு மாதத்துக்குப் பெயர்களை எழுதுங்கள். கை வீங்கினால், சில மாதங்களுக்குள் வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் யார் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என்பதையும், அடுத்த கிளினிக் திகதியையும் கடதாசியின் அடியில் எழுதிவிடுங்கள்.