இளம் வீரரும் தோல்வியும்

ஜப்பானிய இயங்கு சித்திரத் தொடர்கள் இன்று ‘அனிமே’ என்ற பெயரால் நம் இல்லங்களிலும் அறிமுகமாகியுள்ளன. அவற்றுள் போர்க்கதைகளின் தலைவன் பெரும்பாலும் சிறுவன். அவன் ஒருமுறையேனும் தோற்பதைக் காட்டாத தொடர் அரிது. அத்தோல்வி கதையில் என்ன தொழில் புரிகிறது என்பதை இரண்டு தொடர்களைக் கொண்டு ஆராய்வோம்.

அகிரா தொரியாமா 1984-இல் எழுதத் தொடங்கிய ‘டிராகன் பால்’ சித்திரக்கதை 1986-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் தலைவன் கோக்கு, மலைக்காட்டில் வளர்ந்த பெருவலி படைத்த சிறுவன். அவனும் கிரிலின் என்பவனும் ஆமைத்துறவி எனப்படும் முதியவரிடம் மாணாக்கராகின்றனர். அவரோ அடிதடி வித்தை எதையும் கற்பிப்பதாகக் காணோம்! அதிகாலையில் வீடுதோறும் பால் வழங்கச் சொல்கிறார். வெறுங்கையால் வயலைக் கிளறச் சொல்கிறார். ஏடும் படிக்க வைக்கிறார். இத்தனையும் முதுகில் 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டைச் சுமந்தபடியே. பின்னர் அவ்வெடை 40 கிலோவாகிறது.

பயிற்சி முடிந்து உலகப் போட்டிக்குச் செல்லும் கோக்கு, இறுதிச் சுற்றில் ஒரு கிழவரிடம் தோற்கிறான். அக்கிழவர் மாறுவேடத்தில் வந்த ஆசானே. இளமையில் எளிதாக வென்றுவிட்டால் மாணாக்கர் செருக்குற்றுக் கற்பதை நிறுத்திவிடுவர் என்றஞ்சி அவர் அவ்வாறு செய்கிறார். தோல்வியையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்த இவ்வாசானின் நுட்பம் நாம் வியத்தற்குரியது. அடுத்த போட்டியிலும் கோக்கு நூலிழையில் தோற்கிறான். மூன்றாவதிலேதான் வெற்றி பெறுகிறான்.

இவ்வளவும் இனிய கதை. ஆயின் பயிற்சிக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனை இதற்கு முன்பே காட்டியது ‘அஷிதா நோ ஜோ’, அதாவது ‘நாளைய ஜோ’ என்னும் குத்துச்சண்டைக் கதை. தெத்சுயா சிபா சித்திரம் தீட்ட, 1968 முதல் 1973 வரை வார இதழில் வெளிவந்த இது, 1970-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. ஜோ வீடற்ற முரட்டு இளைஞன். காவலில் அடைபட்ட அவனுக்கு, டான்பெய் என்ற பழைய குத்துச்சண்டை வீரர் அஞ்சலட்டை மூலம் பாடம் அனுப்புகிறார். முதற்பாடம், இடக்கையை நேராக நீட்டி விரைந்து குத்துவது. வேறு வேலையற்ற ஜோ அதனைச் செய்து பார்க்கிறான். அதன் வலிமையைக் கண்டு தானே வியக்கிறான்.

அவனுடைய எதிராளி ரிகீஷி உருவத்தில் பெரியவன். ஜோவுடன் மோதவேண்டும் என்பதற்காகவே உணவையும் நீரையும் ஒறுத்துத் தன் எடையைக் குறைக்கிறான். மோதலில் வெல்கிறான், வென்றவுடன் இறந்துபடுகிறான். கற்பனைப் பாத்திரமான அவனுக்காக 1970 மார்ச்சில் டோக்கியோவில் வாசகர்கள் கூடி இறுதிச் சடங்கே நடத்தினர். உடலை வளர்க்க வேண்டிய பயிற்சி உடலையே உண்டுவிட்டதைக் கதாசிரியர் மறைக்கவில்லை. இவ்வகைக் கதைகள் பலவற்றில் இந்நேர்மை இல்லாதது குறையென்றே கருதுகிறோம். இரத்தம் கக்கும்வரை உழைப்பவனே வீரன் என்று அவை சிறுவருக்குக் காட்டிவிடுகின்றன.

தோற்ற ஜோவுக்கோ உடலில் ஊனமில்லை. ஆனால் எதிராளியின் தலையைக் குறிவைத்துக் குத்த அவன் கை மறுக்கிறது. எந்த அஞ்சலட்டையும் இதற்குப் பாடம் சொல்ல இயலவில்லை. பெரிய அரங்குகளை விட்டு, ஊர் ஊராகத் திரியும் கூட்டத்தோடு சேர்ந்து சில்லறைக் கூலிக்குச் சண்டையிடுகிறான். வெனிசுலா நாட்டு வீரன் கார்லோஸ் ரிவேராவை எதிர்கொள்ளும்போதுதான் அக்கை மீண்டும் எழுகிறது.