முதியோர் பராமரிப்பு: கூச்சப்பட வேண்டிய தொழிலா?

சென் ஜேம்ஸ் ரவுணில் புதிதாக வந்து குடியேறும் எம்மவர்களில் அநேகருக்கு முதலில் கிடைப்பது ஏஜென்சி மூலமான தொழிற்சாலை வேலைதான். விடியுமுன் சேர்போன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, இரண்டு மூன்று பஸ் மாறிப் போகின்றோம். ஆனால் எமது மாடிக் கட்டிடங்களிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே முதியோர் இல்லங்கள் உள்ளன. சேர்போன் வீதி 439 ஆம் இலக்கத்தில் நகரசபை நடத்தும் ஃபட்ஜர் ஹவுஸில் மட்டும் 250 பேருக்கு இடமுண்டு. வெலஸ்லி வீதி கிழக்கு 160 இல் வெலஸ்லி சென்ரல் பிளேஸ் இருக்கின்றது.

இத்தகைய இல்லங்களில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, உணவூட்டுபவர்கள் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் பராமரிப்புப் பணியாளர்கள். ஒன்ராறியோவில் முன்பிருந்த ஹெல்த் கெயார் எய்ட் போன்ற பாடநெறிகள் ஒன்றாக்கப்பட்டு, 1997 இல் இப்பெயர் வந்தது.

ஊரில் சாதாரண தரத்துடன் படிப்பு நின்றுபோன நான், வாரநாட்களில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு சனி, ஞாயிறுகளில் இதைப் படிக்கின்றேன். "ஆம்பிளை, உனக்கேன் ஊராற்ற மலசலம் அள்ளுற வேலை?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். இக்கேள்வி பலர் மனதிலும் இருப்பதால்தான் இதை எழுதுகின்றேன்.

தொழிற்சாலையில் பெட்டியைத் தூக்கப் பலம் போதும். மனிதரை வெறும் பலத்தால் தூக்கக்கூடாது என்பதே இங்கு ஆரம்பத்தில் படிப்பிப்பது. எழும்ப முடியாதவரைத் தூக்கும் இயந்திரத்தை இருவர் நின்று இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் விழுவார், எமது முதுகும் போய்விடும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வரும். உணவூட்டும்போது நிமிர்த்தி இருத்தாவிட்டால் உணவு சுவாசக் குழாய்க்குள் போகும். கழுவும்போது கழுவாத பகுதியைத் துவாயால் மூடவேண்டும். தொடுமுன் என்ன செய்யப்போகின்றோம் என்று சொல்லவேண்டும். ஒருவரின் மானத்தைக் காப்பதும் இங்கே ஒரு பாடம். இதில் கூச்சப்பட என்ன இருக்கின்றது?

இப்பயிற்சியை அரச கல்லூரிகள், கல்விச் சபைகளின் வளர்ந்தோர் பாடசாலைகள், தனியார் தொழிற்கல்லூரிகள் ஆகியன நடத்துகின்றன. முதியோர் இல்லங்களில் வேலை செய்ய, வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் சேர்த்து ஆகக்குறைந்தது 600 மணித்தியாலப் பயிற்சி தேவை. பன்னிரண்டாம் வகுப்புச் சித்தி இல்லாதவர்களும் வயதுவந்த மாணவராக நுழைவுச் சோதனை எழுதிச் சேர வழியுண்டு. செய்முறைப் பயிற்சிக்கு முன் பொலிஸ் அறிக்கை, காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிகள் ஆகியன கேட்பார்கள்.

பணம் கட்டுமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தனியார் கல்லூரி என்றால் அது மாகாண அரசின் பதிவில் உள்ளதா, இப்பாடநெறிக்கு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். தமிழில் அன்பாகக் கதைக்கின்றார்கள் என்பதற்காக மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு, அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டவர்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் ஓசாப் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்கு அது கிடையாது. மூன்று, வேலை அனுமதிப் பத்திரத்தில் சுகாதாரத் துறையில் வேலை செய்யத் தடை எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். மருத்துவப் பரிசோதனை முடியாதவர்களின் பத்திரத்தில் அப்படி வருவதுண்டு.

இத்தொழிலின் கஷ்டங்களையும் மறைக்கக்கூடாது. முழுநேர வேலை உடனே கிடைக்காது. பலர் கூப்பிடும் நாட்களுக்குக் காத்திருந்தே ஆரம்பிக்கின்றார்கள். முதுகுவலி பொதுவானது. 2020 இல் கொரோனாவின் முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 வீதத்தினர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். பராமரிப்புப் பணியாளர்களும் இறந்தார்கள். அதன் பின்னரே அரசின் கண் திறந்தது. 2020 ஒக்ரோபரில் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை செய்வோருக்கு மணிக்கு 3 டொலர் கூட்டப்பட்டு, 2022 இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 மணித்தியாலப் பராமரிப்பு என்ற இலக்கும் 2021 இல் சட்டத்தில் எழுதப்பட்டது.

ஊரில் முதியவர்களைப் பார்த்தவர்கள் எமது தாய்மாரும் சகோதரிகளும் மருமக்களும்தான். அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அதை வேலை என்றுகூட நாம் எண்ணவில்லை. இங்கு அதே வேலைக்குப் படிப்பும் சான்றிதழும் ஊதியமும் உண்டு.

இன்னொன்றையும் யோசியுங்கள். மறதிநோய் முற்றியவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் அழிந்து, தாய்மொழி மிஞ்சுவதுண்டு. எமது பெற்றோரும் இந்நாட்டில் முதுமை அடைகின்றார்கள். நாளை அவர்கள் ஓர் இல்லத்தில் "தண்ணி" என்று கேட்கும்போது, அது விளங்கும் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டாமா? படிக்க விரும்பும் மனைவியையோ கணவனையோ "ஊர் என்ன சொல்லும்" என்று மறிக்காதீர்கள்.