உங்களுக்குத் தெரியுமா? – சப்ஊஃபரை எவ்வளவு வைப்பது

நயினார்கோவில் நாகநாதர் கோயில் திருவிழாக் காலத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், பாட்டின் வரிகள் வயல் தாண்டி அடுத்த ஊர் வரை கேட்கும். பேஸ் மட்டும் போய்ச் சேராது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெளியே தள்ள அந்தக் கூம்பின் வாய் போதாது. அதே பாட்டை வீட்டில் சப்ஊஃபரோடு கேட்கும்போதுதான் அதில் பேஸ் கிடார் ஓடுவதே பலருக்குத் தெரியவரும். அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. அந்தச் சந்தோஷத்தில் சப்ஊஃபரின் குமிழை முழுக்கத் திருப்பிவிடுகிறோம்.

5.1 என்பதில் அந்தப் ‘பாயிண்ட் ஒன்’, 120 ஹெர்ட்ஸ் வரையிலான பேஸுக்கென்றே ஒதுக்கிய தனித் தடம். மற்ற தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி அதை வகுத்திருக்கிறார்கள். குண்டு வெடிக்க வேண்டுமே! ஸ்டீரியோ பாட்டில் இந்தத் தடமே கிடையாது. சின்ன ஸ்பீக்கரால் முடியாத அடி ஒலியை ஆம்ப் பிரித்து சப்ஊஃபருக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆகவே டிவி பாட்டு ‘கும்’மென்று இருக்கட்டும் என ஏற்றிவைத்த அளவில் ஓடிடியில் 5.1 படத்தைப் போட்டால், பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் முதலில் பேசும். பாட்டுக்கு ஓர் அளவு, படத்துக்கு ஓர் அளவு என்று இரண்டைக் குறித்துவைத்துக்கொள்வதே வழி. முதலில் பாட்டுக்குச் சரிசெய்யுங்கள் என்பது என் கட்சி. வெடிச் சத்தம் எவ்வளவு இருந்தால் சரி என்று யாருக்கும் தெரியாது. மிருதங்கம் எப்படிக் கேட்கும் என்று நமக்குத் தெரியும்.

அந்த மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவது எதற்கு? கனம் ஏறினால் ஒலி தாழும். பேஸ் வேண்டும் அளவுக்கு ரவை! நம் தாள வாத்தியங்களின் அதிர்வை ஆராய்ந்து சர் சி.வி.ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார். உங்கள் செட்டைச் சோதிக்க ஒரு தனி ஆவர்த்தனம் போடுங்கள். தொப்பி அடி ‘தொம்’ என்று விழுந்து நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் சப்ஊஃபர் அதிகம்.

சினிமாவின் பேஸ் தடத்துக்கு வருவோம். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனின் ‘குருதிப்புனல்’ (1995), டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் நுட்பத்தில் வந்த முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. அந்த முறையில் பேஸுக்குத் தனித் தடம் இல்லை. அந்தத் தனித் தடம் டிஜிட்டல் ஒலியோடுதான் பரவலானது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலில் வெளியானது.

டிஜிட்டலுக்கு முன்பே, 1974-இல் ‘எர்த்க்வேக்’ படத்துக்காகப் பெரிய பெரிய பேஸ் ஸ்பீக்கர்களைத் தியேட்டர்களில் இறக்கினார்கள். ஹாலிவுட்டின் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்தால் ரசிகர் தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்கள்!

40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 28 அடி. நம் வீட்டு அறையோ 10-க்கு 12. அலை அடங்காமல் சுவரில் மோதித் திரும்பி, மூலையில் குவிந்து, நடுவில் இளைத்துப்போகும். நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ‘பேஸே இல்லை’ என்று குமிழைத் திருகுவார், சுவரோரக் கட்டிலில் படுத்திருக்கும் அப்பத்தாவுக்கு நெஞ்சு அதிரும். காங்கிரீட் வீட்டில் இது இன்னும் மோசம். அளவைத் தொடும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். பெட்டியை மூலைக்குத் தள்ளினாலே பைசா செலவில்லாமல் ஒலி கூடும், கூடவே குழறலும் கூடலாம். இடம் தேட வேடிக்கையான வழி ஒன்று உண்டு. சப்ஊஃபரை உங்கள் நாற்காலியில் ஏற்றிவைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

சப்ஊஃபரின் பின்பக்கத்தில் 0, 180 என்றொரு ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் மாற்றிப் போடட்டும். எதில் பேஸ் கூடுதலாகக் கேட்கிறதோ அதுதான் சரி. சின்ன ஸ்பீக்கருக்கும் சப்ஊஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். அதை ஆம்பில் வைத்துவிட்டால் பெட்டியில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து வெட்டக் கூடாது.

ஒலியைக் குறைத்தால் காது முதலில் இழப்பது பேஸைத்தான். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிய விஷயம் இது. ராத்திரி மெல்ல வைத்துப் படம் பார்க்கும்போது சப்ஊஃபரைக் கொஞ்சம் ஏற்றுவதில் தப்பில்லை. காலையில் இறக்க மறந்துவிடுகிறோம், அதுதான் வம்பு.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் டெசிபல், ‘ஏ’ அளவுகோலில் எடுப்பது. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடும். மீட்டர் சாதுவாக நிற்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சப்ஊஃபரை அளக்க மீட்டரை ‘சி’யில் வையுங்கள். கையில் மீட்டர் இல்லையா? கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் போய் நில்லுங்கள். வசனம் கேட்காமல் இடி மட்டும் கேட்டால் இன்னும் இரண்டு புள்ளி இறக்க வேண்டும்.